பிலோமினாவுக்குத் திறந்த கதவு

இரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்ட ரெஜினாவின் வீட்டுக் கதவு, வருபவரின் மூச்சைச் சோதித்துப் பார்க்கும்; அதில் நிமோனியாக் கிருமி இருந்தால் திறக்காது. உடம்புக்கு ஒன்றுமில்லாவிட்டாலும் மூச்சில் அந்தக் கிருமி இருந்ததால், நாத்தனார் பிலோமினாவுக்கு ஒருமுறைகூடத் திறந்ததில்லை. அவள் ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசுவாள். ரெஜினாவுக்கு அது வசதியாகவே இருந்தது.

இந்த முறை ரெஜினாவுக்குப் போட்ட நிமோனியாத் தடுப்பூசி உடம்பில் பிடித்துவிட்டதென்று நர்ஸ் வந்து சொன்னாள். "இனிமே யாரும் உள்ள வரலாம்க்கா. எல்லாருக்கும் திறக்குற மாதிரி கதவ மாத்தி விட்டுடறேன்."

"ஒரு வாரம் போகட்டுமே," என்றாள் ரெஜினா.

நர்ஸ் சிரித்துக்கொண்டே மாற்றிவிட்டாள்.

சாயங்காலமே பிலோமினா வந்தாள். நேராக அடுக்களைக்குப் போய் மீன் குழம்பை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். "என்ன மைனி, புளி கூடிப்போச்சே."

நோய் வந்த நாளிலிருந்து ரெஜினாவின் சமையலை யாரும் குறை சொன்னதில்லை. கணவர் சேவியர் கருகிய தோசையைக்கூடப் பிரமாதம் என்பார்.

ரெஜினா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காரு. உப்பையும் பாத்துச் சொல்லு."