பேர் சொல்லிக் கூப்பிடு

செத்துப்போன அப்பாவின் குரலைச் சின்னப் பெட்டி ஒன்றில் ஏற்றி அனுப்பியிருந்தான் மகன். பொன்னுத்தாய் அதை அலமாரியில் வைத்துவிட்டு, "என்னங்க" என்றாள். பெட்டி பேசவில்லை. "ஏங்க, உங்களைத்தான்." ம்ஹூம். உயிரோடு இருந்தபோதும் அவர் லேசில் திரும்புகிறவர் இல்லை. ஆனாலும் இது அநியாயம்.

மகனுக்குப் போன் போட்டாள்.

"பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தாம்மா முழிக்கும்."

"கட்டுன புருசன் பேரை எப்படிடா வாயால சொல்றது? வேற வழி வைக்கக் கூடாதா?"

"அப்படித்தாம்மா செஞ்சிருக்காங்க."

"செஞ்சவனுக்கெல்லாம் ஆத்தாளே கிடையாதா?"

ரேஷன் கடையில் புருசன் பேரைக் கேட்டால்கூட அட்டையை நீட்டித்தான் காட்டுவாள். அன்று முழுக்கப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கடைசியில் எரிச்சல் தாங்காமல் கத்தியேவிட்டாள்.

"சங்கரபாண்டி!"

பச்சை விளக்கு எரிந்தது. அவர் குரலேதான், அதே கரகரப்பு.

"சொல்லு பொன்னுத்தாய், உனக்கு என்ன வேணும்?"

ஒருநாளும் அந்த மனுசன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எப்போதும் 'ஏ புள்ள'தான். என்ன வேணும் என்றும் கேட்டதில்லை.

பொன்னுத்தாய் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய் நின்றாள்.

"யாருங்க நீங்க?"