ஏழு நாள் கப்பல்

"உங்களுக்கென்ன பைத்தியமாப்பா?" வீட்டுக்குள் நுழைந்ததுமே மகன் கத்தினான். கட்டிலில் பாதி அடுக்கிய பெட்டி திறந்து கிடந்தது.

"உன் தங்கச்சி ஆசையா எடுத்துக் கொடுத்த டிக்கெட்டுடா. ஏழே நாள்தான்" என்றாள் அம்மா.

"நியூஸ் பாக்கறதே இல்லையா? எங்க பாத்தாலும் தொற்று. மூவாயிரம் பேர் ஒரே கப்பல்ல அடைஞ்சு கிடக்கணும். நாலு பேருக்குக் காய்ச்சல் வந்தா எந்தத் துறைமுகத்துலயும் இறங்க விடமாட்டான். அப்பாவுக்கு ஏற்கெனவே ஆஸ்துமா. உயிர் மேல ஆசையே இல்லையா?"

பெட்டியிலிருந்த துணிகளை அள்ளி வெளியே வீசினான். அவன் கோபத்திலிருந்த அக்கறை அப்பாவின் கண்களைக் கலங்க வைத்தது.

"சரிடா, போகல."

அப்போது மகனின் போன் அடித்தது. எடுத்ததும் அவன் குரல் குழைந்தது.

"வணக்கம் சார், டிராவல்ஸ்தான். கேன்சலா? எதுக்கு சார்? எல்லாம் வெறும் புரளி. கப்பல்லயே டாக்டர் இருக்காரு, தைரியமா கிளம்புங்க. எங்க அப்பா அம்மாவே அதே கப்பல்லதான் வர்றாங்க!"

அப்பா விருட்டென்று எழுந்தார். மகனின் கையிலிருந்த போனைப் பிடுங்கினார்.

"சார், நான் இவனோட அப்பா பேசறேன். நாங்க போகல. நீங்களும் போகாதீங்க."