லித்தியம் ஸ்ரீநாத்

"இன்னுமா இந்தச் செங்கல்லைத் தூக்கிட்டுத் திரியறீங்க மேடம்?" என்று ஆக்னஸின் ரிமோட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தான் ஸ்ரீநாத். அழுக்குத் துணியைத் தொட்டவன் மாதிரி உடனே திருப்பிக் கொடுத்து, கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டான்.

பாரிவாக்கத்தில் இன்னும் பிளாட் போடாமல் மிஞ்சிக் கிடக்கும் தரிசு, மணவாளனுக்குச் சொந்தம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரிமோட் விமானம் விடுகிற கூட்டம் அங்கே கூடும். அவர்களுக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் ஆக்னஸ். மற்ற நாட்களில் அம்பத்தூரில் பல் டாக்டர். வாரம் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு வானத்தைப் பார்க்கக் கிடைப்பது அந்த ஒரு காலைதான்.

ஸ்ரீநாத் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. பூந்தமல்லியில் ஃப்ளாட், சாஃப்ட்வேர் உத்தியோகம். யூடியூபில் பார்த்ததைத் தானே கண்டுபிடித்ததாக நம்பும் தாராள மனசு வேறு.

ஆக்னஸ் ரிமோட்டில் இருந்தவை நிக்கல் பேட்டரிகள். கனம், சும்மா வைத்திருந்தாலே சார்ஜ் வடியும், அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டிய சரக்கு என்று அவன் அடுக்கினான். தன் ரிமோட்டில் இருக்கும் லித்தியமோ சோப்புக் கட்டி அளவுதான், பவரோ டபுள். காலையிலிருந்து ரிமோட்டை ஆன் செய்தபடியே வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் இதையே ஓதிக்கொண்டிருந்தான்.

நிக்கல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், தெரிந்துவிடும். லித்தியம் கடைசிவரை ஜோராக இருந்துவிட்டு ஒரேயடியாகக் காலை வாரிவிடும் என்று ஆக்னஸ் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அவன் கொட்டாவி விட்டான். அந்த நேரம் பார்த்து அவன் ரிமோட் 'பீப், பீப்' என்றது.

"சார்ஜ் கம்மின்னு கத்தற இந்த அலாரமே பழைய பேட்டரிக்கு வெச்ச அளவு. லித்தியத்தோட லெவல் அதுக்குப் புரியாது" என்று அலாரத்தையே அணைத்தான். பல் டாக்டர்கள் பல்லோடு நிறுத்திக்கொண்டால் நல்லது என்று ஒரு புத்திமதியும் சொன்னான்.

"என் கிளினிக்ல யாராவது இவ்ளோ நேரம் வாயைத் திறந்து வெச்சிருந்தா, நாலு பல்லைப் பிடுங்கி முடிச்சிருப்பேன்" என்றாள் ஆக்னஸ்.

மணவாளன் விழுந்து விழுந்து சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். ஸ்ரீநாத்துக்குக் காது மடல் சிவந்துவிட்டது. இப்பவே தனக்குப் பரீட்சை வைக்கச் சொல்லி நின்றான்.

அந்த மைதானத்தில் தனியாக ஓட்ட வேண்டுமென்றால் மணவாளன் வைக்கும் பரீட்சையில் தேற வேண்டும். மாணவன் ரிமோட்டை ஆக்னஸ் ரிமோட்டோடு ஒரு வயரால் இணைப்பார்கள். அவள் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரை விமானம் மாணவன் பேச்சைக் கேட்கும். விட்டால் அவள் பேச்சைக் கேட்கும்.

"ஏத்தி, மூணு சுத்து சுத்தி, எறக்கிடு நைனா" என்றார் மணவாளன். "அதுவரிக்கும் டாக்டரம்மா ஒரு தபாகூட கை வெக்காம இருந்தா நீ பாஸு. அப்பால உன் இஷ்டம்."

அது போதவில்லை ஸ்ரீநாத்துக்கு. தான் பாஸானால் அடுத்த வாரத்திலிருந்து கற்றுக்கொடுக்கும் வேலையும் தனக்குத்தான், மேடம் தன் செங்கல்லோடு ஓரமாக உட்காரட்டும் என்றான். மணவாளன் தயக்கத்தோடு ஆக்னஸைப் பார்த்தார். அவள் சரியென்று தலையாட்டினாள். பயந்துபோய்த்தான் பேசாமல் ஆட்டுகிறாள் என்று அவனுக்கு உள்ளூரக் குளிர்ந்தது.

விமானம் ஓடி, எழும்பி, வேப்பமர உயரம் தாண்டியது. கண்ணை விமானத்திலிருந்து எடுக்கவே கூடாது என்பது முதல் பாடம்; அதை மட்டும் அவன் ஒழுங்காகப் படித்திருந்தான். மேலே போனதும் இறக்கை ஒரு பக்கம் லேசாகச் சரிந்தது, உடனே நிமிர்ந்தது. காற்று என்று நினைத்துக்கொண்டான்.

செல்போன் டவர் பக்கம் முதல் திருப்பம். அவன் விரலை நகர்த்தப் போவதற்குள்ளேயே விமானம் வழுக்கிக்கொண்டு திரும்பியது. அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

"பாத்தீங்களா மேடம், மனசுல நினைக்கறதுக்குள்ள திரும்புது. இதான் லித்தியம். உங்க நிக்கல்ல இந்த வேகம் வருமா?"

வழக்கமாக இடம், வலம் என்று கத்துகிறவள் இன்று வாயே திறக்கவில்லை. தோற்றவளுக்குப் பேச என்ன இருக்கிறது என்று அவன் அவளுக்காகக் கொஞ்சம் இரக்கப்பட்டான்.

மூன்று சுற்றும் அப்படியே போயிற்று. வளைவுகளில் பிசிறே இல்லை. தன்னிடம் இவ்வளவு திறமை இருந்ததை இந்தப் பெண்பிள்ளையின் ஓட்டை ரிமோட் இத்தனை நாள் அமுக்கி வைத்திருந்ததே என்று அவனுக்குக் கோபமே வந்தது. கடைசியில் விமானம் பூப்போல மண்ணில் இறங்கி, உருண்டு, அவன் காலடிக்குக் கொஞ்சம் தள்ளி நின்றது.

கூட்டம் கை தட்டியது. ஸ்ரீநாத் கூலிங்கிளாஸைக் கழற்றி, எல்லோருக்கும் தலையசைத்தான். அடுத்த வாரம் வகுப்புக்கு வருகிறவர்கள் நிக்கலை வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும் என்று அங்கேயே அறிவித்தும் விட்டான்.

"சும்மா சொல்லக் கூடாது, ஷோக்கா ஓட்டினப்பா" என்று அவன் முதுகில் தட்டினார் மணவாளன். பிறகு முறைக்காக ஆக்னஸிடம் திரும்பினார். "இன்னாம்மா, நீ ஒரு தபாகூட கை வெக்கல இல்ல?"

ஆக்னஸ் விரல்களை நீட்டி மடக்கிச் சொடுக்கெடுத்தாள். வயரை உருவினாள். சொத்தைப் பல்லைப் பார்க்கிற கண்ணால் ஸ்ரீநாத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"மேல ஏத்தினதோட அவர் ரிமோட் அணைஞ்சிடுச்சுண்ணே, மிச்சம் பூரா ஓட்டினது நான்தான்."