நொட்டையார் பி.ஏ.

"காபியில சர்க்கரை போதுமா சார்?" என்று ஒருத்தர் கேட்டார். "ஃபேனை இந்தப் பக்கம் திருப்பட்டுமா சார்?" என்றார் இன்னொருத்தர். லேஸ் அக்கா ஒன்றும் கேட்கவில்லை. பாடப் புத்தகத்தில் விட்ட பக்கத்தைப் பிரித்து சூப்பர்வைசர் கையில் கொடுத்துவிட்டு, சத்தம் வராமல் நகர்ந்தாள்.

புதிதாக யாராவது அந்த ஷூ கம்பெனிக்குள் நுழைந்து பார்த்தால், இப்படி ஒரு சூப்பர்வைசர் கிடைக்க இவர்கள் என்ன புண்ணியம் செய்தார்களோ என்றுதான் நினைப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். அவர் அந்தப் பக்கம் போனதும் எல்லாரும் அவரைச் சொல்லும் பெயர் நொட்டையார்; எதிலும் நொட்டை சொல்கிறவர்.

பசை அதிகம் என்பார். குறைத்தால், "மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டியா?" என்பார். ஷூவுக்கு லேஸ் கோர்க்கிற அக்காவுக்கு, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மாலை ஷிப்ட். அவள் வீடு போய்ச் சேரும்போது மகள் தூங்கியிருப்பாள். காலையில் கண்ணைத் திறந்தால் பள்ளிக்கூட வண்டி வாசலில் நிற்கும். காலை ஷிப்ட் கேட்டுப் போனவளிடம், "தூங்குற பிள்ளை தொந்தரவே பண்ணாதும்மா. கொடுத்து வச்சவ நீ!" என்றார் மகராசன்.

அப்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து அந்தச் சுற்றறிக்கை வந்தது. வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்கலாம். ஃபீஸைக் கம்பெனி கட்டும், பரீட்சைக்குச் சம்பளத்தோடு லீவு. சூப்பர்வைசர்கள் பட்டம் வாங்கினால் தலைமை அலுவலகத்திலேயே ஆபீசர் வேலை! ரயிலேறினால் ஒரு நாள் முழுக்கப் போக வேண்டிய ஊர் அது.

"அக்கா, ஆளைக் கிளப்ப இதை விட்டா வேற வழியில்ல" என்றான் பசை ஒட்டுகிறவன்.

மேனேஜருக்கு இவர்களை விட அவசரம். அவரைப் பற்றியும் நொட்டையார் மேலிடத்துக்குப் புகார் எழுதிப் போட்டுக்கொண்டே இருக்கிற ஆள். ஷிப்ட் போடுவது சூப்பர்வைசர் உரிமை, அதில் கை வைத்தால் அதற்கும் ஒரு புகார் பறக்கும். "முதல்ல அவர் பாஸாகட்டும்மா. அவர் போன மறுநாளே உனக்குக் காலை ஷிப்ட். நான் பொறுப்பு" என்று லேஸ் அக்காவுக்கு வாக்குக் கொடுத்தார்.

"உங்க மூளைக்கு இந்த இடம் பத்தாது சார்!" என்று ஆளாளுக்கு ஏற்றிவிட்டதில், நொட்டையார் பி.ஏ. பொருளாதாரத்தில் சேர்ந்தார். அப்புறம் பார்க்க வேண்டுமே! கண் வலிக்கிறது, படிக்க முடியவில்லை என்றார். லேஸ் அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து பாடங்களை வாய்விட்டுப் படித்து, போனில் பதிவு செய்து கொடுத்தாள். மகளுக்கு அம்மா கிடைப்பதே அந்த ஒரு நாள். அதையும் பணவீக்கம் தின்றது.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கடா கண்ணு. அப்புறம் தினமும் சாயங்காலம் அம்மா உன்கூடத்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்தைப் பிரிப்பாள்.

அடுத்து, முதுகு வலிக்கிறது என்றார். மேனேஜர் தன் ஏசி ரூமையே திறந்துவிட்டார்.

"உங்க நாற்காலி ரொம்ப சுகமா இருக்கு சார்" என்று நொட்டையார் அதில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"உங்களுக்கு இல்லாததா? எவ்வளவு நேரம் வேணும்னாலும் உக்காருங்க!" என்ற மேனேஜர், வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்.

கடைசி வருஷப் பரீட்சையன்று எல்லாரும் வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள். நொட்டையாருக்குக் கண் கலங்கிவிட்டது. "என் வீட்ல கூட என்னை யாரும் இப்படித் தாங்கினதில்ல" என்றார். தாங்காமல் என்ன செய்வார்கள்? ஃபெயிலானால் இன்னும் ஒரு வருஷம் இவர்கள்தானே தாங்க வேண்டும்!

நல்லவேளை, பாஸாகிவிட்டார். செய்தி கேட்டதும் லேஸ் அக்கா பாத்ரூமுக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதுவிட்டு வந்தாள். சந்தோஷம்தான்.

பாராட்டு விழாவுக்கு மேனேஜர் தன் கைக்காசைப் போட்டு, சக்கரம் வைத்த பெரிய பெட்டி ஒன்று வாங்கி வந்திருந்தார். அவ்வளவு நாசூக்கு! "மனசே இல்லாமத்தான் உங்களை அனுப்பி வைக்கிறோம்" என்று அவர் பேசியபோது, பசை ஒட்டுகிறவன் சிரிப்பை இருமலாக மாற்றப் படாத பாடு பட்டான்.

நொட்டையார் எழுந்தார். "நேத்து தலைமை அலுவலகத்துல கூப்பிட்டாங்க. அந்த ஆபீசர் வேலை எனக்கு வேணாம்னு சொல்லிட்டேன். என் மேல உயிரையே வச்சிருக்கீங்க, உங்களை விட்டுட்டு நான் எங்கே போவேன்?"

கைதட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன.

"இங்கேயேதான் இருப்பேன். எதுவும் மாறாது. யார் ஷிப்டும் மாறாது!" என்று லேஸ் அக்காவைப் பார்த்துப் பாசமாகச் சிரித்தார். நாளையிலிருந்து சாயங்காலமே வந்துவிடுவேன் என்று, காலையில் வண்டி ஏற்றும்போதுதான் அவள் மகளிடம் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பாவி மனுஷன் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டாரே!

பெட்டியை நீட்டியபடியே மேனேஜர் கேட்டார், "அப்போ... தலைமை அலுவலகத்துக்கு ஆபீசரா யாரு போறது?"

"அவங்களுக்கு ஒரு பட்டதாரி வந்தா போதுமாம். நீங்களும் பட்டதாரிதானே, உங்க பேரைச் சொல்லிட்டேன். உங்க வேலையை இனிமே நான் பார்த்துக்கறேன்" என்ற நொட்டையார், அவர் நீட்டியதை அவர் பக்கமே தள்ளிவிட்டார். "பெட்டியை நீங்களே வச்சுக்கங்க சார்!"