ஜன்னலோரத்துக் கல்

கொத்தனார் பையிலிருந்து உளியை எடுத்ததும் எனக்கு வயிறு குளிர்ந்தது.

கூடம் முழுக்கப் பூப்போட்ட பழைய சிமென்ட் கல். நாலு கல் சேர்ந்தால் ஒரு பூ. பச்சையும் காவியுமாக, என் கணவரின் முதல் மனைவி கடை கடையாக ஏறி இறங்கிப் பொறுக்கியதாம்.

வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் தரையைத்தான் பார்ப்பார்கள். அப்புறம்தான் என்னை.

நாத்தனார் இன்னும் மோசம்.

"அண்ணி இருந்தவரைக்கும் எண்ணெய் தொட்டுத் தொடைச்சு, இதுல முகமே பாக்கலாம்."

அண்ணி என்றால் நான் இல்லை. விட்டுவிட்டுப் போன பிறகும் அவள்தான் அண்ணி. நான் வெறும் 'இவங்க'.

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குடிவந்த நாளிலிருந்து அந்தத் தரையை நான் குனிந்து பார்த்ததுமில்லை, தொட்டதுமில்லை. துடைக்க ஆள் வைத்துவிட்டேன்.

அவள் ஏன் போனாள் என்று கேட்டால் என் கணவரிடம் ஒரே பதில்தான். பொறுமை இல்லாதவள்.

அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடிக்கும். தரையில் அவள் ஜெயித்தால் என்ன, பொறுமையில் நான் ஜெயித்துவிட்டேன் அல்லவா?

நச்சரித்து நச்சரித்து, தரையை மாற்ற ஒருவழியாகச் சம்மதம் வாங்கினேன். வெள்ளை வெளேரென்று புது டைல்ஸ் வாசலில் வந்து இறங்கியது.

கொத்தனார் சுத்தியல் காம்பால் அங்கங்கே தட்டிப் பார்த்தார். முதல் கல்லைப் பெயர்க்க நைந்த இடமாக ஒன்று வேண்டுமாம். எல்லாக் கல்லும் கெட்டியாக இருந்தது.

"ஜன்னலோரம் அந்தக் கால்மிதிய மட்டும் எடுத்துடுங்கம்மா, அங்கயும் பாத்துடறேன்."

எடுத்தேன்.

அடியில் பூ இல்லை. பச்சையும் காவியும் அழிந்து, இரண்டு பாதம் வைக்கிற அளவுக்குக் கல் வெளிறித் தேய்ந்திருந்தது. சுற்றிலும் மற்ற பூக்கள் நேற்றுப் பதித்தவை போல இருந்தன.

அங்கே அடுப்பும் இல்லை, தொட்டியும் இல்லை. நின்று செய்கிற வேலை எதுவும் இல்லை. அங்கே நின்றால் தெருக்கேட் தெரியும், அவ்வளவுதான்.

பொறுமை இல்லாதவளாம்.

கொத்தனார் உளியோடு காத்திருந்தார். நான் கால்மிதியைக் கையில் பிடித்தபடியே நின்றேன்.

என் கணவர் வருகிறாரா என்று சாயங்காலமெல்லாம் அங்கேயே நின்று நின்று கால் சில்லிடுகிறதென்று, குடிவந்த வருஷமே நான் வாங்கிப் போட்டது அது.