பத்து மடங்கு நாற்காலி

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் நாக்கு அழுகட்டும்.

வடிவமைப்பாளர் கணினியில் வரைந்த நாற்காலியைத் தன் பெயரில் காட்டி, முதலாளியிடம் பாராட்டு வாங்கிவிட்டார் மேலாளர். அவர் வடிவமைப்பாளருக்குச் சொந்த மச்சான் வேறு. வயிறெரிந்த வடிவமைப்பாளர், மென்பொருளில் மில்லிமீட்டரைச் சென்டிமீட்டராக மாற்றிவிட்டார்.

பட்டறையிலிருந்து பத்து மடங்கு உயரத்தில் வந்தது நாற்காலி. முதலாளி முன்னால் மேலாளர் ஏணி வைத்து ஏறி உட்கார்ந்ததும், ஏணியை உருவிக்கொண்டார் வடிவமைப்பாளர்.

"மாப்ளே, ஏணியை வைய்யா! தலை சுத்துது!"

"இது யாரு போட்ட டிசைன் மச்சான்? முதலாளி காதுல விழற மாதிரி சொல்லுங்க."

"உன்னோடதுதான்டா! சத்தியமா உன்னோடதுதான்!"

வடிவமைப்பாளருக்கு வயிறு குளிர்ந்தது.

அந்த மென்பொருளில் அலகை மாற்றினால் எண்ணும் தானாகவே மாறிக்கொள்ளும். நாற்காலி இம்மியும் வளராது. என் நாக்குதான் இப்போது லேசாக நமநமக்கிறது.