தார்ப்பாயில் பூத்தது

மாலையில் செர்ரிப் பூ பார்த்தபடி விருந்துண்ண வரும் அலுவலகத்தாருக்காக நீலத் தார்ப்பாயை விரித்து, காலை முதல் மரத்தடியில் இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறாள் சிஹாரு. மோசமான இடம் பிடித்தவரை வருஷம் முழுக்கக் கேலி செய்வார்கள். அதனால் பூங்காவிலேயே அதிகம் பூத்த செர்ரி மரமாகப் பார்த்துப் பிடித்தாள். அதிகம் பூத்ததுதான் முதலில் உதிரும் என்று யோசிக்கவில்லை. மதியக் காற்றில் இதழ்கள் மடியில், தேநீர்க் குடுவையில், ஓரமாகக் கழற்றி வைத்த செருப்பில் வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. பீரும் சாப்பாட்டுப் பெட்டிகளுமாக ஆட்கள் வரும்போது மரம் கிட்டத்தட்ட மொட்டை. "பூ எங்கம்மா?" என்று அண்ணாந்து பார்க்கிறார் மேலாளர் ஓகிஷிமா. "நீங்க மீட்டிங் முடிச்சு வர்ற வரைக்கும் அது காத்திருக்குமா சார்? எல்லாம் கீழதான் இருக்கு. ஷூவைக் கழட்டிட்டு வாங்க." கழற்றுகிறார். காலுறை ஓட்டையில் கட்டைவிரல் எட்டிப் பார்க்கிறது; அதன்மேல் ஓர் இதழ் வந்து உட்காருகிறது. மொத்தக் கூட்டமும் சிரிக்கிறது. இந்த வருஷத்துக் கேலி யாருக்கு என்று முடிவாகிவிட்ட நிம்மதியில் சிஹாரு முதல் பீரை உடைக்கிறாள்.